வீட்டிலிருந்தே அரசு வேலையா, ஆபீஸ் நாற்காலியா?

ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 27, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குரூப் 4 தேர்வில் தேறியாகிவிட்டது, இளநிலை உதவியாளர் பணிக்குக் கலந்தாய்வு வரப்போகிறது. அதே நேரம் பார்த்து, மத்திய அரசுத் திட்டம் ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலையும் வந்திருக்கிறது. மாதம் 38,000 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். ‘ரெண்டும் கவர்ன்மென்ட் வேலைதானே, இதில் சம்பளமும் கூட, பிள்ளையும் கண்முன்னே இருக்கும், எதுக்கு ஆபீசுக்கு அலையணும்?’ என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

நான் இரண்டிலும் இருந்து பார்த்தவள். உச்சிப்புளியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து இரண்டரை வருடம் இதே மாதிரி ஒப்பந்த வேலை செய்தேன். 2024 முதல் ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தினமும் பஸ். அதனால் நான் சொல்வதில் என் சாய்வும் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வீட்டில் சொல்லும் அந்த ‘ரெண்டும் கவர்ன்மென்ட் வேலைதானே’. அந்த ஆஃபர் லெட்டரை எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆள் சப்ளை ஏஜென்சியின் மேலாளராக இருப்பார். அரசுத் துறை ‘இத்தனை பேர் வேண்டும்’ என்று ஜெம் போர்ட்டலில் (அரசுத் துறைகள் கொள்முதல் செய்யும் இணையதளம்) டெண்டர் விடுகிறது, ஏஜென்சி எடுக்கிறது, ஏஜென்சி உங்களை எடுக்கிறது. நீங்கள் செய்வது அரசாங்கத்தின் வேலை, ஆனால் நீங்கள் அரசு ஊழியர் கிடையாது. டெண்டர் முடிந்து அடுத்த வருடம் வேறு ஏஜென்சி வந்தால் உங்களை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் விடலாம். சம்பளத்தைக் குறைத்து எடுத்துக்கொள்வதும் உண்டு.

‘நாலைந்து வருஷம் உழைத்தால் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் இந்த விஷயத்தில் அடிக்கல். முறையான தேர்வு வழியாக வராத தற்காலிக, ஒப்பந்த ஊழியர்கள் எத்தனை காலம் வேலை பார்த்திருந்தாலும், அதை வைத்து மட்டும் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை. அதற்குப் பிறகு சிலர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வருடக்கணக்கில் வக்கீல் பின்னால் அலைய வேண்டும். நீங்களோ முறையான தேர்வை எழுதித் தேறிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, பணம். இளநிலை உதவியாளருக்கு ஆரம்ப அடிப்படை ஊதியம் 19,500. 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 சதவீதம் ஆனது, அந்தக் கணக்கில் 11,310. ஆக 30,810. வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் மேலே கொஞ்சம் வரும். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத்துக்காக அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது 3,081 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்குச் சின்னதாக ஒரு பிடித்தம். கைக்கு வருவது இருபத்தெட்டாயிரத்தைச் சுற்றி.

அந்தப் பக்கம் 38,000. உங்கள் கடிதத்தில் ‘ஆலோசகர்’ என்று போட்டிருந்தால் அதைச் சம்பளமாகக் கணக்கு வைக்க மாட்டார்கள், தொழில்முறைக் கட்டணம் என்று வைத்து 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்துவிட்டு 34,200 போடுவார்கள். பிடித்ததை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், உங்கள் வருமானத்துக்கு வரி எதுவும் வராது. ஆனால் சம்பளக்காரர்கள் போடும் எளிய படிவம் உங்களுக்குப் பொருந்தாது, ஆடிட்டருக்கு வருடா வருடம் ஒரு தொகை. பிஎஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆலோசகர் என்றால் பெரும்பாலும் இருக்காது.

ஆக மாதா மாதம் கைக்கு வருவதில் ஆறாயிரம் ரூபாய்போல ரிமோட் வேலைதான் கூடத் தருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் வருடம் மட்டும் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு தடவை ஏறும், ஆண்டு ஊதிய உயர்வு தனி. எனக்கு ஒப்பந்தத்தில் இருந்த இரண்டரை வருடமும் ஒரே தொகைதான் வந்தது. முதல் மாதம் இனித்தது, இருபத்தைந்தாவது மாதம் புளித்தது.

உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, மதுரைக்காரருக்கோ சென்னைக்காரருக்கோ அது தோன்றாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும், உங்கள் கணவருக்கு வருமானம் இருக்காது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் மளிகைக் கடைக் கடனை அடைக்கவே காணாது. ஒப்பந்த வேலைகள் எப்போது முடியும் தெரியுமா? பெரும்பாலும் மார்ச் 31, நிதியாண்டோடு. புதுப்பிக்கும் உத்தரவு ஏப்ரலில் வரும், மே மாதமும் வரும். அதுவரை ‘வேலையை நிறுத்தாதீர்கள், ஆர்டர் வந்துவிடும்’ என்பார்கள், சம்பளம் மட்டும் நிற்கும். எனக்கு இரண்டு வருடமும் இப்படித்தான் நடந்தது. ஒரு தடவை ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளமும் ஜூன் கடைசியில் சேர்ந்து வந்தது. என் கணவர் கடலுக்குப் போகிறவர் இல்லை, சமாளித்தோம். உங்கள் வீட்டில் படகும் கட்டிக் கிடந்து, உங்கள் சம்பளமும் நின்றால் என்ன செய்வீர்கள்? இது போக, எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனால் படகே திரும்பாத கதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரிமோட் வேலை இந்தக் கரையில் எப்படி நடக்கும் என்பதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். நான் போட்ட முதல் முதலீடு இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் பேட்டரியும். நம் பக்கத்து மின்தடை மழைக்கு மட்டும் வருவதில்லை. கடல் காற்றில் வரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கானில் படிந்து கிடக்கும். விடியற்காலைப் பனியோ லேசான தூறலோ விழுந்ததும் பொறி பறந்து லைன் ட்ரிப் ஆகும். பெருமழை கொட்டினால்கூட உப்பைக் கழுவிவிட்டுப் போகும், தூறல்தான் வினை. இது போக மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஒரு நாள். பேட்டரி முனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பச்சையாகப் பூத்திருக்கும், வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவ வேண்டும். லேப்டாப்பின் யுஎஸ்பி துளைகள் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து, மவுஸ் தொட்டால் வேலை செய்யும், விட்டால் செய்யாது. அது என் சொந்த லேப்டாப். ஏஜென்சி தரவில்லை.

இணையம் எங்கள் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர். தெருவில் யாராவது தென்னை மட்டை வெட்டினால் அறுந்துவிடும். அப்போது போன் ஹாட்ஸ்பாட். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, நினைவிருக்கும். அன்றைக்கு நான் ஆபீஸ் ஊழியர், ஆனால் பழைய டீமில் இருந்த தீவுக்காரப் பெண் ஒருத்திக்கு அன்று முழுக்க லாகின் இல்லை. ‘செயல்படாத நேரம்’ என்று கணக்கில் ஏறி ஒரு நாள் ஊதியம் போனது. டில்லியில் டைம்ஷீட் பார்ப்பவருக்குத் தங்கச்சிமடம் மழை எங்கே தெரியப் போகிறது? (தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வரவேற்கும். அங்கே போய் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.)

அப்புறம் ‘வீட்டில் இருப்பது’ என்கிற விஷயம். நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தோன்றாது. நம் ஊரில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பத்தரை மணிக்குத் தெருவில் ‘தண்ணி வருது’ என்று சத்தம் கேட்டால், வீட்டில் இருக்கும் ஆள்தானே போக வேண்டும்? நான் ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஆறு குடம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். காதில் டீம் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும், கையில் குடம் வழிந்துகொண்டிருக்கும். திடீரென்று என் பெயரைச் சொல்லி ‘அப்டேட் சொல்லுங்கள்’ என்றார்கள். பின்னால் இரண்டு பேர் வரிசைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கை எங்கே அணைப்பது? சிலிண்டர் வந்தால் நான், கூரியர் வந்தால் நான், நாத்தனார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நான். ‘நீதான் வீட்டிலேயே இருக்கியே.’ மாமியார் குறை சொல்பவர் இல்லை, ஆனாலும் மடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வேலை என்று அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை கண்முன்னே இருப்பாள் என்கிறீர்களே, இருப்பாள். மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

இன்னொன்று, ‘வீட்டிலிருந்து’ என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? பலருடைய கடிதத்தில் ‘பணியிடம்: தேவைக்கேற்ப’ என்றுதான் இருக்கும். கொரோனா காலத்தில் மத்திய அரசு ஊழியர்களுக்கே வீட்டிலிருந்து வேலை கொடுத்தார்கள், 2022 பிப்ரவரி 7 முதல் எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று ஒரே அறிவிப்பில் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ரிமோட் அரசு வேலையை நம்பி ஊர் மாறி வீடு வாங்கியவர்களே இருந்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே, கூட்டரசு ஊழியர்கள் முழு நேரமும் அலுவலகம் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். நிரந்தர ஊழியருக்கே அந்தக் கதி. எனக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்கால மெயில்: ‘வரும் மாதம் முதல் சென்னையில் நேரில் ஆஜராக வேண்டும்.’ அதே சம்பளம், சென்னை வாடகை. எங்கள் டீமில் பதினொரு பேர் இருந்தோம், நான்கு பேர் போனார்கள்.

இவ்வளவு சொன்னதால் ஆபீஸ் வேலை பூப்பாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கலந்தாய்வில் ராமநாதபுரம் மாவட்டம் கிடைத்துவிட்டால் வீட்டுப் பக்கம் வந்துவிட்டோம் என்று துள்ளாதீர்கள், கமுதியும் திருவாடானையும் இதே மாவட்டம்தான். தங்கச்சிமடத்திலிருந்து இரண்டுமே நூறு கிலோமீட்டர் வரும், தினம் போய் வர முடியாது. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது எந்தத் துறையில் எந்த ஊர் காலி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ராமேசுவரம் தாலுகா அலுவலகம், மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட அலுவலகங்கள், இவற்றில் ஒன்று அமைந்தால் நல்லது. போகுமுன் எந்தத் துறைக்கு எங்கே அலுவலகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். துறையின் பெயரைப் பார்த்து மயங்கிப் பரமக்குடிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

ராமநாதபுரம் என்றால் ஒன்றரை மணி நேரப் பஸ். விடியல் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், மொபசல் வண்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயிலும் தீவுக்குள் திரும்பி வந்துவிட்டது. 2022 டிசம்பரிலிருந்து ரயிலே இல்லாமல் இருந்த இரண்டேகால் வருடம் தீவிலிருந்து வந்த எங்கள் ஆபீஸ்காரர்கள் பட்டது கொஞ்சமில்லை. இப்போதும் காற்று கூடினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது. நேரம் காலை 10 முதல் மாலை 5.45 என்பது தாளில். வருவாய்த் துறை என்றால் ஜமாபந்தி (வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை) காலத்தில் இரவு எட்டு, ஒன்பது ஆகும். புயல் எச்சரிக்கை என்றால் ஊரே வீட்டுக்குள் போகும்போது நீங்கள் வெளியே வர வேண்டும். தேர்தல் வேலை தனி. சேர்ந்த பிறகு பவானிசாகர் பயிற்சிக்குச் சில வாரம் பிள்ளையை விட்டுப் போக வேண்டியிருக்கும். தகுதிகாண் பருவம் இரண்டு வருடம், அதற்குள் துறைத் தேர்வுகளை முடித்துவிடப் பாருங்கள். அக்கவுண்ட் டெஸ்டைத் தள்ளிப்போட்டு பதவி உயர்வில் பின்தங்கியவர்கள் எல்லா ஆபீசிலும் ஒருவர் உண்டு.

ஆனாலும் நான் ஆபீசைத்தான் சொல்வேன். காரணம் சம்பளமோ பென்ஷனோ மட்டும் இல்லை. வீட்டிலிருந்து செய்த வேலையில் நான் ஒரு நாளைக்கு இருநூறு ஆவணம் சரிபார்த்தேன். ஸ்கேன் செய்த தாள் இடப்பக்கம், தட்டச்சு செய்தது வலப்பக்கம், சர்வே எண் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ‘நத்தம் புறம்போக்கு’ என்று ஆயிரம் தடவை கண்ணில் பட்டிருக்கும், அதற்கு அர்த்தம் என்ன என்று சொல்லித் தர ஆளில்லை, கேட்கவும் தோன்றவில்லை. ஆபீசில் சேர்ந்த இரண்டாவது வாரம் கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வாரிசுச் சான்று கேட்டு வந்தார். கணவர் கடலில் காணாமல் போய் நான்கு வருடம். உடல் கிடைக்கவில்லை, அதனால் இறப்புச் சான்று இல்லை, அதனால் வாரிசுச் சான்றும் இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருடம் ஆக வேண்டும் என்கிறது சட்டம். பக்கத்து இருக்கை சீனியர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காவல் நிலையத்தில் போட்ட புகார் நகல், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனு, படகு உரிமையாளரின் வாக்குமூலம் என்று எதையெதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, ‘குறிப்பை நீ எழுது’ என்றார். நான் எழுதியதை மூன்று தடவை அடித்துத் திருத்தினார். வேலை தெரிவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஸ்கிரீனில் அந்த அம்மா ஒரு சர்வே எண்ணாக மட்டும் வந்துபோயிருப்பார்.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஒன்றும் இருக்கிறது. தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்தோடு 12 மாதம், இரண்டு குழந்தை வரை. ஒப்பந்தத்தில், சட்டம் 26 வாரம் என்று சொன்னாலும், ‘ஆலோசகர் ஊழியர் அல்லர்’ என்று ஒரு வரி போட்டு நழுவிவிடப் பார்ப்பார்கள்.

ரிமோட்தான் சரி என்று நான் சொல்லக்கூடிய ஆட்களும் உண்டு. படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாதவர், தினப் பயணம் முடியாத மாற்றுத்திறனாளி, இன்னும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். நானே குரூப் 4 படித்தது பஸ் நேரம் மிச்சமானதால்தான், காலை ஐந்திலிருந்து எட்டு வரை. அந்த நன்றி அந்த வேலைக்கு என்றும் உண்டு. உங்களுக்குக் கலந்தாய்வில் தர்மபுரியோ திருவள்ளூரோதான் மிச்சம் என்று வந்தால் அப்போது யோசிக்க வேண்டியது வேறு. அப்போதுகூட விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஆனால் குழந்தையை யார் பார்ப்பது என்று உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் வெளிப்படையாகப் பேசாமல் சேராதீர்கள். மற்ற மாவட்டத்துக்காரர்களைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மிரட்டுவது நம் மாவட்டத்தை வைத்துத்தான். அவர்கள் இங்கிருந்து போகத் துடிப்பார்கள், அதனால் நம் ஊருக்கு மாறுதல் கேட்டு வருவது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் எளிது என்பது என் அனுபவம்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், என்னிடம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அனுமதியில்லாமல் வேறு வேலை பார்ப்பதைத் தடுக்கிறது. ராத்திரி லாகின் செய்து மாட்டிக்கொண்டால் போவது நிரந்தர வேலைதான்.

ஆனால் ஒன்று செய்யலாம். கலந்தாய்வு முடிந்து, துறை பணி நியமன ஆணை அனுப்பி, நீங்கள் சேரும் வரை இடையில் மாதங்கள் போகும். எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த இடைவெளிக்கு இந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரி மட்டும் தேடுங்கள்: விலக எத்தனை நாள் நோட்டீஸ், விலகினால் பணம் கட்டச் சொல்கிறார்களா. நோட்டீஸ் 30 நாளுக்குள் இருந்து, பாண்ட் எதுவும் இல்லையென்றால் தாராளமாகச் சேருங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கலந்தாய்வு மேசையில் அதைத்தான் கேட்பார்கள்.